தார் ரோட்டில் ஓர் அடுப்பு

துறையூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காப்பிக் கடை வைத்திருப்பவன் நான். நான் இலங்கைக்குக் கிளம்பியபோது, தேயிலை விளையும் ஊரில் காப்பிக் கடைக்காரனுக்கு என்ன வேலை என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அவர்களில் ஒருவராவது கடலைத் தாண்டியிருக்கிறார்களா? நான் தாண்டினேன். மண்டபம் முகாமில் ஊசி குத்தியதையும், கப்பலில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்ததையும் விட்டுவிடுகிறேன். இலங்கை ரயில் மலை ஏறத் தொடங்கிய இடத்திலிருந்து சொல்கிறேன். அங்கிருந்துதான் நான் வாயை மூடவே இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கமும் மலை இருக்கிறது. பேரே பச்சைமலை. சித்திரை மாதத்தில் அதைப் பார்த்தால் பேர் வைத்தவனைத் தேடிப் பிடித்து உதைக்கத் தோன்றும். இங்கே அப்படி இல்லை. அடேயப்பா, எங்கே திரும்பினாலும் பச்சை! மேலே பச்சை, கீழே பச்சை, பாறை இடுக்கில்கூட விடாமல் தேயிலை நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குகைக்குள் வண்டி நுழையும்போதும் நான் "ஓ" என்று கத்தினேன். பெட்டியில் இருந்தவர்கள் முதலில் பயந்தார்கள், அப்புறம் அவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா பொன்னுத்தாயி பதினாறு வயசில் சின்னையா மச்சானைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தவள். அப்புறம் ஒரு தடவைகூட ஊர்ப்பக்கம் வரவில்லை. (இரண்டு பேர் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரை எழுதவே போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.) போன வருஷம் எங்கள் அப்பா காலமானார். கிணற்றோடு கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் பாதி அக்காவுக்கு என்று நான் முடிவு செய்தேன். எங்கள் ஊரில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நிலத்தில் பங்கு கொடுப்பவன் எவன் இருக்கிறான்? பத்திரத்தை எழுதி முடித்தாகிவிட்டது. அக்காவின் கைநாட்டு ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில் அவளிடமிருந்து ஒரு கடுதாசி வந்தது. தோட்டத்து வாத்தியார் கையெழுத்து. எல்லோரும் சௌக்கியம், கொஞ்ச நாளைக்கு நீ கடுதாசி போட வேண்டாம், காரணம் பிறகு எழுதுகிறேன் என்று இரண்டே வரி. எனக்குச் சுருக்கென்றது. கூடப் பிறந்தவனைப் பார்த்து எழுதாதே என்று சொல்ல அங்கே என்னதான் நடக்கிறது? நேரிலேயே போய்க் கேட்கிறேன் என்று பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தலவாக்கலையில் இறங்க வேண்டியவன் ஒரு அருவியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வட்டகொடையில் போய் இறங்கினேன். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களவர். என் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, வெளியே நின்ற ஒரு லாரிக்காரனிடம் என்னை ஒப்படைத்தார். அது தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி. மூட்டைகளின் மேல் உட்கார்ந்தேன். மெத்தை கெட்டது போங்கள்! அப்படி மூட்டைமேல் சாயாதீங்க என்று லாரிக்காரன் பதறினான். பறித்த கொழுந்தை அமுக்கினாலும் சூடேறிக் கருகும், நேரத்தோடு ஃபாக்டரிக்குப் போகாவிட்டாலும் கருகும், தோட்டத்தை நடத்தும் துரை மனிதனுக்காகக் காத்திருக்கமாட்டார், கொழுந்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார் என்று சொன்னான். எங்கள் கடைப் பால் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் லயத்தைக் கண்டுபிடித்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நீளமாக ஒரே கூரை, அதற்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால் ஆள் முடங்கிக்கொண்டு படுக்கிற அளவுக்கு ஓர் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. அக்கா விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டாள். அப்புறம் என் முகத்தைத் தடவி அழுதாள், நானும் அழுதேன், பக்கத்துக் காம்பராக்காரர்கள் நாலு பேரும் வந்து சேர்ந்து அழுதார்கள்.

சாப்பாடு! கோதுமை மாவு ரொட்டி, கனத்தில் எங்கள் ஊர் அடைக்கு அண்ணன். தொட்டுக்கொள்ள இடித்த சம்பல். அதில் மாசிக் கருவாட்டின் வாசம். குடிக்கப் பாலில்லாத சாயத்தண்ணி, கடிக்க ஒரு துண்டு கருப்பட்டி. உலகத்துக்கே தேயிலை அனுப்புகிறவர்கள் வீட்டில் குடிப்பது சல்லடையில் கடைசியாகத் தங்கிய தூள். தொழில்காரன் என்ற முறையில் எனக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் அந்தக் குளிரில், காப்பிக் கடைக்காரனாக இருந்தும் சொல்கிறேன், மூன்று குவளை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வயிறு நிறைந்ததும் மடியிலிருந்து பத்திரத்தை உருவி, ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தேன். அக்கா கும்பிடுவாள், மச்சான் கட்டிக்கொள்வார் என்று பார்த்தால், மச்சான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. இத உள்ள வைங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க," என்றார் மச்சான்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. இந்த மலையில் இத்தனை காலம் உழைத்தவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று ஒரு கேள்வி. இந்த நாட்டுப் பிரஜை என்று எழுதிக்கொடுக்க வேண்டுமானால் மனுப் போட்டு, விசாரணைக்குப் போய், இங்கேயே நிலைத்துவிட்டோம் என்று ரூபிக்க வேண்டும். அக்கா குடும்பத்துக்கு நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு நுவரெலியாக் கச்சேரியில், அதாவது கலெக்டர் ஆபீஸில், விசாரணை. இந்தியாவில் நிலம் உண்டா, பணம் அனுப்புகிறாயா, கடுதாசிப் போக்குவரத்து உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார்களாம். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மனு போச்சு. ஆளே போகாவிட்டாலும் போச்சு.

கடுதாசி போடாதே என்றதன் காரணம் புரிந்தது. புரிந்தும் எனக்குக் கோபம்தான். யார்மேல் கோபம் என்று தெரியாததால் மச்சான்மேலேயே பட்டேன். அவ்வளவு தூரம் சுமந்துவந்த நிலத்தைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளிக்கச் சொன்னால் யாருக்கு வராது?

மறுநாள் விடியும் முன்பே பெரட்டு. பெரட்டு என்றால் வேலைக்குப் பேர் கூப்பிடுவது. பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் நிற்க, பேர் சொல்லி எந்த மலைக்குப் போக வேண்டும் என்று பிரிக்கிறார்கள். விசாரணை நாளுக்கு லீவு கேட்டிருந்ததால் தம்பி வந்திருக்கிறான் என்று அக்காவால் இன்னொரு நாள் நிற்க முடியவில்லை. நானும் கூடவே மலை ஏறினேன். அவள் விரல் போகிற வேகம் இருக்கிறதே, நான் ஆயிரம் தோசை வார்த்தவன், என் கையெல்லாம் ஒரு கையா! இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிப் பின்னால் பார்க்காமலே கூடைக்குள் எறிகிறாள். நான் எறிந்தது பாதி என் தலையிலேயே விழுந்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மத்தியானம் தனியாகக் காம்பராவுக்குத் திரும்பினேன். சும்மா இருக்க முடியாமல் பத்திரத்தை எடுத்து மறுபடி படித்து, வயிற்றெரிச்சல்பட்டு, அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன். வைத்ததை மறந்துவிட்டேன்.

சாயந்திரம் மச்சான் ஒரு செய்தியோடு வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் வீரன் என்று ஒருவர், தன் விசாரணைக்காகப் பெயர்ப் பதிவு நகல் கேட்டுக் கண்டாக்கிடம் போனாராம். கண்டாக்கு என்றால் வேலையை மேய்க்கும் உத்தியோகஸ்தர். பேச்சு வளர்ந்து, வீரனுக்கு வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். ஆறு நாளைக்கு முன் காம்பராவைப் பூட்டிச் சட்டிபானையை வெளியே வைத்துவிட்டார்கள். நாளைக்கு அந்தத் தோட்டத்து ஆட்கள் நுவரெலியா ரோட்டில் உட்காரப் போகிறார்களாம்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஒரு தடவை எங்கள் ஊரில் நாலு பேர் கொடியோடு வந்து கடையை மூடு என்றார்கள். அடுப்பில் ஒரு அண்டா பால். மூடினேன். பால் திரிந்து, நாறி, சாக்கடையில் கொட்டினேன். அன்றிலிருந்து வழியை மறிப்பவன், கடையை மூடுகிறவன் யாராக இருந்தாலும் எனக்கு ஆகாது. அவர்களுக்கும் துரைக்கும் சண்டை என்றால் ஊரார் என்ன செய்தார்கள் என்று அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். மச்சான் ஒரே ஒரு பதில் சொன்னார்: முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் அவர்கள் உட்காரும் முன்பே தாண்டிவிடலாம்.

மூன்றாம் நாள் நாங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். அக்கா மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். மடியில் ஒரு பிஸ்கோத்து டின். இந்த லயங்களில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு டின் உண்டு. பிறப்புச் சீட்டு, அரிசிக் கூப்பன், தோட்டத்துப் பதிவு நகல், கச்சேரிக் கடிதம் எல்லாம் அதற்குள். தீப்பிடித்தால் பிள்ளைக்கு அடுத்தபடி டின்னைத்தான் தூக்குவார்கள் என்று மச்சான் சொன்னார். பஸ் வளைந்து வளைந்து ஏற, ஒரு பக்கம் பாதாளம், ஒரு பக்கம் பாறை. நான் பயத்திலும் சந்தோஷத்திலும் முன் சீட்டுக் கம்பியை விடவேயில்லை.

ஆனால் அவர்கள் எங்களுக்கு முன்பே எழுந்துவிட்டார்கள். ஒரு வளைவு திரும்பியதும் டிரைவர் பிரேக்கை மிதித்தார். ரோட்டுக்குக் குறுக்கே கொழுந்துக் கூடைகள் வரிசையாக இருந்தன. கூடைக்குப் பின்னால் கம்பளி போர்த்திய அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நட்ட நடு ரோட்டில், வெள்ளைக் கோட்டுக்கு மேலேயே, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி ஒருத்தி சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு அந்தப் பக்கம் நுவரெலியாவிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

நான் குதித்து இறங்கினேன். மச்சான் சட்டையைப் பிடித்து இழுத்தார், நான் நிற்கவில்லை. நேரே அடுப்புக்காரியிடம் போய், "உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா? தொரையோட சண்டைன்னா தொரை பங்களாவுல போய் உக்காருங்க. பஸ்ஸுல போறவன் என்ன பாவம் பண்ணான்?" என்று கத்தினேன்.

அவள்தான் வீரன் மனைவி செல்லம்மா. பக்கத்தில் வீரன் தலையைக் குனிந்து சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"பங்களா ரோடு தோட்டத்து ரோடுங்க. பேர் வெட்டுன ஆளு அதுல கால வச்சாலே அத்துமீறுனதா கேஸு. இதுதான் கவருமெண்டு ரோடு. இங்கயும் புடிப்பாங்க. ஆனா நாலு பேரு பாக்கப் புடிப்பாங்க."

அப்படியானால் துரையின் கொழுந்து லாரியை மட்டும் மறிக்க வேண்டியதுதானே, பஸ்ஸை விடலாமே என்றேன். போன வாரம் அதைத்தான் செய்தார்களாம். கொழுந்தைச் சாக்கில் கட்டி பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பதில் தெரியாதபோது சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை. எங்கள் ஊர்க் கடையடைப்பையும் திரிந்த பாலையும் எடுத்துவிட்டேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"எதுக்காக மூடச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

எதற்காக? யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை. பால் போனது ஞாபகம் இருக்கிறது, அண்டாவின் அளவு ஞாபகம் இருக்கிறது. அந்த நாலு பேருக்கு என்ன வந்தது என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இதற்குள் அக்கா டின்னைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பத்து மணிக்கு விசாரணை என்று அவள் சொன்னதும் செல்லம்மா முகம் மாறியது.

"எங்களுக்கும் அதுதாங்கக்கா. அடுத்த மாசம் எங்க கடுதாசி தோட்டத்து வெலாசத்துக்கு வரும். பேர வெட்டிக் காம்பராவ பூட்டிட்டா வெலாசம் ஏது? கடுதாசி திரும்பிப் போயிரும். நாங்க வரலேன்னு எழுதிருவாங்க. அதான் அடுப்ப அணைய விடாம எடுத்துக்கிட்டு வந்து ஒக்காந்திருக்கோம்."

பூட்டிய காம்பராவின் அடுப்பிலிருந்து நெருப்புக் கங்குகளை ஒரு சட்டியில் அள்ளி வந்து ஏழு நாளாக அணையாமல் வைத்திருக்கிறாளாம். அடுப்பு எரிகிறவரை குடியிருப்பு போகவில்லை என்பது லயத்து ஆட்களின் எண்ணம். அக்கா அந்தத் தீயையே பார்த்தாள். ஒரே காரியத்துக்காக ஒருத்தி ரோட்டைத் தாண்ட வேண்டும், இன்னொருத்தி ரோட்டை மறிக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒருவர் கச்சேரிக் கடிதத்தைக் காட்டச் சொன்னார். விசாரணை என்று பொய் சொல்லி வண்டியோடு தாண்டப் பார்த்தவர்கள் காலையிலேயே இரண்டு பேராம். மச்சான் டின்னைத் திறந்தார். மேலாக இருந்த தாளைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். என் பத்திரம்!

மூன்று சிங்கம் போட்ட இந்தியப் பத்திரம், அக்கா பெயரில் துறையூர் நிலம், கச்சேரிக் கடிதத்துக்கு மேலே அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. பலகையில் பார்த்திருக்கிறாள். முத்திரை போட்ட தாள் எதுவானாலும் டின்னுக்குள் என்பது அவள் பழக்கம்.

"சிங்கம் போட்டிருந்துச்சே. இந்த நாட்டுக் கொடியிலயும் சிங்கந்தானே, நம்ம காயிதம்னு நெனச்சேன்," என்றாள்.

இந்த ரோடு மறிபடாமல் இருந்திருந்தால், நாங்கள் நேரத்துக்குப் போய், அதிகாரியின் மேசைமேல் இந்த டின்னைத் திறந்திருப்போம். பலகையில் வைத்த மடையன் நான்தான். அக்காவுக்கு நல்லது செய்யக் கடல் தாண்டி வந்தவன், அவள் குடியைக் கெடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

கிழித்துப் போடுங்கள் மாப்பிள்ளை என்றார் மச்சான். கிழித்தால் துண்டு கிடக்கும். நான் குனிந்து பத்திரத்தைச் செல்லம்மாவின் அடுப்பில் வைத்தேன். எங்கள் அப்பா கிணறு வெட்டிய நிலம். கைநாட்டுப் போடாத பத்திரம்தான், சட்டப்படி அது வெறும் தாள். இருந்தாலும் அது சுருண்டு கருகும்போது என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, புகையால் என்று சொல்லிக்கொண்டேன். செல்லம்மா பானை சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

மணி எட்டரை. இனி அழுதுகொண்டிருக்க நேரமில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது, தோன்றியதும் குதித்தேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பஸ் நிற்கிறது. ஆட்களை மாற்றி ஏற்றி, இரண்டையும் வந்த வழியே திருப்பிவிட்டால் என்ன? நடந்து போகிறவர்களை நாங்கள் மறிக்கவில்லையே என்று செல்லம்மா உடனே ஒப்புக்கொண்டாள். அந்தப் பக்கத்து டிரைவர் சிங்களவர், முடியாது என்று தலையாட்டினார். டிக்கெட் வேறு, நேரம் வேறு, முதலாளி திட்டுவார் என்று அவர் கட்சி. மச்சான் சிங்களத்தில் பத்து நிமிஷம் கெஞ்சினார். அப்புறம் டிரைவர் அடுப்பைப் பார்த்தார், அக்காவின் டின்னைப் பார்த்தார், ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஏறி பஸ்ஸைப் பின்னாலே எடுக்கத் தொடங்கினார். என்ன சொன்னார் என்று மச்சானைக் கேட்டேன். "எனக்கும் வீட்டில் அடுப்பு இருக்கிறது" என்றாராம்.

பாருங்கள் அந்தக் காட்சியை! இரண்டு பஸ் ஜனமும் அடுப்பைச் சுற்றிக்கொண்டு எதிரும் புதிருமாக நடக்கிறது. மறியல் செய்த பெண்களே மூட்டைகளைக் கூடையில் போட்டு, நெற்றியில் கயிற்றை மாட்டித் தூக்கிக் கொடுக்கிறார்கள். ஒரு கோழி தப்பித்து ஓடி, அதை ஒரு பஸ் கண்டக்டர் துரத்தினார்.

அந்தப் பஸ்ஸில் வந்த சிங்கள வியாபாரி ஒருவருக்கு மட்டும் விடிவு இல்லை. கூரை நிறைய லீக்ஸ் கட்டுகள், பெரிய வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்கறி. தலவாக்கலையில் கூட்ஸ் வண்டியைப் பிடிக்க வேண்டியவர். சாமானை இறக்கி ஏற்றுவதற்குள் கூட்ஸ் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. மதகின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதை மச்சான் எனக்குச் சொன்னார்: "நியாயம் அவர்கள் பக்கம்தான். என் லீக்ஸ் வாடுகிறதே, அதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?" அவர் லீக்ஸும் என் பாலும் ஒன்றுதான், அது போனது போனதுதான்.

அக்காவும் மச்சானும் ஏறினார்கள். நானும் படியில் கால் வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள், ஆனால் இழுக்கவில்லை. "நீ வராத தம்பி. இது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றாள். காலை எடுத்துக்கொண்டேன். பஸ் வளைவில் மறைந்தது.

எனக்குப் போக இடமில்லை. கையும் சும்மா இருக்காது. செல்லம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு மூன்று கல் வைத்து, ஒரு தகரத்தில் தண்ணீர் காய வைத்துச் சாயத்தண்ணி போட ஆரம்பித்தேன். தூள் மட்டம், ஆனால் போடுகிற கை துறையூர்க் கை. எப்போது தண்ணீரை இறக்க வேண்டும், எவ்வளவு நேரம் மூட வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதே. எழுபது பேரும் குடித்துவிட்டு, இதே தூளா என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. லீக்ஸ்காரர் மட்டும் முதலில் வேண்டாம் என்றார், இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்.

பதினோரு மணி வாக்கில் வீரன் தோட்டத்துக் கொழுந்து லாரி வந்து நின்றது. நான் முதல் நாள் உட்கார்ந்து வந்த அதே லாரி. லாரிக்காரன் என்னை அடையாளம் கண்டு, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று வாயைப் பிளந்தான். அதற்குப் பின்னால் ஒரு கார். காரிலிருந்து கோட்டுப் போட்ட ஒரு தமிழர் இறங்கி வந்து, நேரே என் முன்னால் நின்று, உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா என்று கத்தினார். அட, என் வார்த்தை, ஓர் எழுத்து மாறவில்லை! பட்டணத்தில் மாமனாருக்கு உடம்பு சரியில்லையாம். செல்லம்மா என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. காரை விட முடியாது, அந்தப் பக்கம் நடந்துபோய் வேறு வண்டி பிடிக்கலாம், பெட்டியை நான் தூக்கி வருகிறேன் என்றேன். குவளையை நீட்டினேன். அவர் தட்டிவிட்டார். சூடு என் கைமேல் கொட்டியது. அவர் கோபத்திலும் தப்பில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

போலீஸ் வந்து மிரட்டியது, பெயர்களை எழுதிக்கொண்டது. யாரும் எழவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குத் தோட்டத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்து, விசாரணை முடிகிறவரை வீரன் குடும்பம் காம்பராவில் இருக்கலாம் என்று ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். வேலை கிடையாது, காம்பரா மட்டும். லாரியில் கொழுந்து சூடேறி நாற்றம் எடுக்க ஆரம்பித்திருந்தது. எங்கள் பஸ்ஸையும் அந்த மனிதரின் காரையும் பார்த்து துரை இரங்கியிருப்பார் என்று நான் நம்பவில்லை. பஸ்ஸை விட்டிருந்தால் கொழுந்தும் போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். மறியல் சரியா என்று துறையூரில் யாராவது கேட்டால் சரிதான் என்று சொல்வேன். கேட்கிறவர் லீக்ஸ்காரராக இருந்தால் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொல்வேன். செல்லம்மா கங்குகளைச் சட்டியில் அள்ளிக்கொண்டு நடந்தாள். கூடைகளும் அவள் பின்னால் போயின.

சாயந்திரம் அக்காவும் மச்சானும் திரும்பி வந்தார்கள். மச்சான் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. பத்து நிமிஷம் முன்னதாகவே போய்விட்டார்களாம். தாள்களையெல்லாம் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார்களாம், முடிவைத் தபாலில் அனுப்புவார்களாம். நான் சாவி வந்த கதையை நடித்தே காட்டினேன். அக்கா சிரித்துவிட்டு ரொட்டி தட்ட உட்கார்ந்தாள். மாவைப் பிசைந்துகொண்டே பேசினாள்.

"அங்க நெலம் இருக்கான்னு கேட்டாங்க. இல்லேன்னு சொன்னேன். அது பொய்யில்ல, அதத்தான் நீ எரிச்சிட்டியே. அப்புறம் கூடப் பொறந்தவங்க யாரும் அங்க இருக்காங்களான்னு கேட்டாங்க."

நான் அடுப்பில் கல்லை வைத்தேன்.

"யாரும் இல்லேன்னுட்டேன். அது ஒண்ணுதான் பொய் தம்பி."

மச்சான் எழுந்து இஸ்தோப்புக்குப் போய்விட்டார். அவள் தட்டிய ரொட்டியை நான் கல்லில் போட்டேன், திருப்பினேன், ஒரு பக்கம் கருகவிட்டேன். நாற்பது மைல் சுற்றுவட்டாரத்தில் தோசை கருகவிடாதவன் என்று பேர் எடுத்தவன் நான். முடிவு வருகிறவரைக்கும் கடுதாசி போட மாட்டேன் என்று அவளுக்குச் சொன்னேன்.

இதை எழுதுகிற இன்றைக்கும் முடிவு வந்ததாக அவளிடமிருந்து கடுதாசி வரவில்லை.